அமாவாசை இரவில் இருட்டைப் படம் பிடிப்பது ஏன்?

ஆண்டு 2012. அமாவாசை இரவு.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுப்பகுதி. பக்கத்தில் கரை இல்லை. தீவு இல்லை. கப்பல் இல்லை. வானத்தில் நிலாவும் இல்லை. எங்கு பார்த்தாலும் கும்மிருட்டு!

அந்த இருட்டுக்கு மேலே, சுமார் 824 கிலோ மீட்டர் உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் பறந்து செல்கிறது. அதில் ஒரு கேமரா இருக்கிறது. சாதாரணக் கேமரா அல்ல. நடுக்கடலில் பலமான விளக்கைப் போட்டு மீன் பிடிக்கும் ஒரே ஒரு படகைக்கூட அது கண்டுபிடித்துவிடும்.

பூமியில் இருந்து அந்தக் கேமராவுக்கு ஓர் உத்தரவு போகிறது.

"படம் எடு!"

எதைப் படம் எடுப்பது? கீழேதான் ஒன்றுமே இல்லையே!

அந்த "ஒன்றும் இல்லாத" இருட்டைத்தான் படம் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் விஞ்ஞானிகள் அமாவாசைக்குக் காத்திருந்தார்கள். விளக்கே இல்லாத கடலைத் தேடிப் பிடித்தார்கள்.

கோடிக்கணக்கான பணம் செலவு செய்து அனுப்பிய கேமராவைக் கொண்டு இருட்டைப் படம் பிடிப்பதா? இது என்ன வேடிக்கை?

வேடிக்கை அல்ல. இந்த இருட்டுப் படம் இல்லாவிட்டால், அந்தக் கேமரா எடுக்கும் மற்றப் படங்களை நம்ப முடியாது!

தராசும் முள்ளும்

மளிகைக் கடைக்குப் போகிறோம். ஒரு கிலோ பருப்பு கேட்கிறோம். கெட்டிக்காரக் குடும்பத் தலைவி முதலில் எதைப் பார்ப்பாள்? பருப்பை அல்ல. தராசைப் பார்ப்பாள்.

தட்டு இரண்டும் காலியாக இருக்கும்போது முள் நேராக நிற்கிறதா? மின்சாரத் தராசாக இருந்தால், மேலே எதையும் வைக்காதபோது பூஜ்யம் காட்டுகிறதா?

ஒன்றும் வைக்காதபோதே தராசு 50 கிராம் காட்டினால், அதில் நிறுக்கும் ஒவ்வொரு பொருளிலும் 50 கிராம் மோசம்தான். மூட்டை அரிசி வாங்குகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. 100 கிராம் மிளகு வாங்குகிறவருக்குப் பாதிக்குப் பாதி நஷ்டம்!

செயற்கைக்கோள் கேமராவும் ஒரு தராசுதான். அது நிறுப்பது பருப்பை அல்ல, வெளிச்சத்தை. நிலத்தில் இருந்தும் கடலில் இருந்தும் மேலே வரும் வெளிச்சத்தை அது அளக்கிறது. அளந்ததை எண்களாக மாற்றிப் பூமிக்கு அனுப்புகிறது. அந்த எண்களைச் சேர்த்தால் படம் கிடைக்கிறது.

வெளிச்சமே இல்லாத இடத்தைப் பார்க்கும்போது அந்தக் கேமரா பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அமாவாசைக் கடல். அது ஒரு காலித் தட்டு!

காதுக்குள் கேட்கும் இரைச்சல்

"வெளிச்சமே இல்லை என்றால் கேமரா தானாகவே பூஜ்யம் காட்டாதா?" என்று கேட்கலாம்.

காட்டாது.

இரண்டு காதுகளையும் கைகளால் இறுகப் பொத்திக்கொண்டு பாருங்கள். வெளிச் சத்தம் நின்றுவிடும். ஆனாலும் "ஓ" என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது வெளியில் இருந்து வருவது அல்ல. நம் உடம்புக்குள்ளேயே உண்டாவது.

கேமராவுக்கும் அப்படித்தான். வெளிச்சம் துளியும் படாதபோதும் அதன் மின்சாரக் கருவிகள் கொஞ்சம் மின்சாரத்தைத் தாமாகவே உண்டாக்குகின்றன. கேமரா அதையும் வெளிச்சம் என்று எண்ணிக்கொள்கிறது. இது பொய் வெளிச்சம்.

இந்தப் பொய் வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால், ஒவ்வொரு படத்தில் இருந்தும் அதைக் கழித்துவிடலாம். எண்ணெய் வியாபாரி முதலில் வெறும் பாத்திரத்தை எடை போட்டு, பிறகு அந்த எடையைக் கழிக்கிறார் அல்லவா? அதே கணக்குத்தான்.

மங்கிப் போன கண்ணாடி

இந்தக் கேமராவைச் சுமந்து சென்ற செயற்கைக்கோளின் பெயர் "சுவோமி". 2011-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி அமெரிக்கா அதை ஆகாயத்துக்கு அனுப்பியது. வானிலை ஆராய்ச்சிக்குச் செயற்கைக்கோளைப் பயன்படுத்த வழி காட்டிய வெர்னர் சுவோமி என்ற விஞ்ஞானியின் நினைவாக அந்தப் பெயர்.

மேலே போன கொஞ்ச நாளிலேயே ஒரு சங்கடம் தெரிய வந்தது. கேமராவின் கண்ணாடிகள் மங்கத் தொடங்கின!

காரணம் என்ன? பூமியில் கண்ணாடிகளுக்குப் பூச்சுப் பூசியபோது, "டங்ஸ்டன்" என்ற உலோகம் அதில் கலந்துவிட்டது. பழைய குண்டு பல்புகளுக்குள் இழையாக இருக்குமே, அதே உலோகம்தான். ஆகாயத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பட்டதும் அந்தப் பூச்சு கறுக்கத் தொடங்கியது.

கடைத் தராசு கெட்டுப் போனால் பழுது பார்க்க ஆள் வருவார். 824 கிலோ மீட்டர் உயரத்தில் பறக்கும் கேமராவைத் துடைக்க யார் போவது?

யாரும் போக முடியாது. எவ்வளவு மங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தலாம். அது ஒன்றுதான் வழி.

கேமராவுடன் ஒரு வெள்ளைத் தகடும் மேலே போயிருக்கிறது. சூரிய ஒளியை அந்தத் தகட்டில் விழச் செய்து, அதைக் கேமரா பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் வெயில் பட்டுப் பட்டு அந்தத் தகடும் நாளடைவில் மங்குகிறது. படிக்கல்லே தேய்ந்து போவது போல!

கடைக்காரரின் படிக்கல்லில் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறோம்? வெளியில் இருந்து, முத்திரை போட்ட வேறு கல்லைக் கொண்டு வந்து ஒத்துப் பார்க்கிறோம். செயற்கைக்கோளுக்கு அந்த வெளிக் கல் எங்கே கிடைக்கும்?

பூமியில்தான்!

மணல் வெள்ளை, சாம்பல் கறுப்பு

ஆண்டுக் கணக்கில் நிறம் மாறாத இடம் எங்கே இருக்கிறது? விஞ்ஞானிகள் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடினார்கள்.

வயல் உதவாது. இன்று பச்சை, அறுவடையானால் மஞ்சள். ஊர்ப்புறம் உதவாது. நாளுக்கு ஒரு வீடு எழும்புகிறது. மழை பெய்யும் இடமும் உதவாது. ஈர மண்ணுக்கு ஒரு நிறம். காய்ந்த மண்ணுக்கு வேறு நிறம்.

கடைசியில் சகாரா பாலைவனம் அகப்பட்டது. அங்கே மழை அரிது. செடி கொடி கிடையாது. ஆள் நடமாட்டமும் இல்லை. லிபியா நாட்டில் உள்ள ஒரு மணல் வெளிக்கு "லிபியா 4" என்றே விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். பல நாட்டுச் செயற்கைக்கோள்கள் அந்த மணலைப் பார்த்துத் தங்கள் கண்களைச் சோதித்துக்கொள்கின்றன.

ஆனால் அந்த மணல் பளபளவென்று வெளிச்சமாக இருக்கும். அது பெரிய படிக்கல். பெரிய கல்லை மட்டும் வைத்துத் தராசைச் சோதித்தால் போதுமா? 10 கிலோவைச் சரியாகக் காட்டும் தராசு, 100 கிராமில் தவறு செய்யலாம் அல்லவா? சின்னக் கல்லும் வேண்டும்.

அந்தச் சின்னக் கல்தான் கறுப்பு நிலம்.

அதே லிபியாவில் "வாவ் அன் நாமுஸ்" என்று ஓர் எரிமலை இருக்கிறது. "கொசுக்களின் பாலைவனச் சோலை" என்று அந்தப் பெயருக்குப் பொருள். அதன் நடுவே சின்னச் சின்ன ஏரிகள் இருப்பதால் அங்கே கொசு உண்டு! எரிமலை என்றோ கக்கிய கறுப்புச் சாம்பல், அதைச் சுற்றிப் பல கிலோ மீட்டர் தூரத்துக்குப் படிந்து கிடக்கிறது. ஆகாயத்தில் இருந்து பார்த்தால், வெளிர்நிற மணலில் யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டது போல் தெரியும்.

இத்தகைய கறுப்பு எரிமலை நிலங்களையும் செயற்கைக்கோளின் கண்ணைச் சோதிக்க உதவும் இடங்களாக விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பாலைவனச் சாம்பலைக் காட்டிலும் கறுப்பான இடம் ஒன்று இருக்கிறது. பூமியில் பெரும் பகுதி அதுதான்.

அது கடல்!

ஒரு ரூபாயில் பத்துப் பைசா

"கடல் நீலம்தானே? அது எப்படிக் கறுப்பாகும்?"

கரையில் இருந்து பார்க்கும்போது வானத்தின் நிறமும் சேர்ந்து தெரிகிறது. உயரத்தில் இருந்து நேர் கீழே பார்த்தால், ஆழமான தெளிந்த கடல் இருண்டு கிடக்கும். அதன் மேல் விழும் சூரிய ஒளியில் பெரும் பகுதியை அது விழுங்கிவிடுகிறது. மிகக் கொஞ்சம்தான் திரும்பி வருகிறது.

அந்தக் கொஞ்ச ஒளியில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது.

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பாசிகள் மிதக்கின்றன. அவை கூடினால் நீரில் பச்சை கூடும். பாசி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் சிற்றுயிர்கள் வரும். சிற்றுயிர்களைத் தேடிச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். ஆகவே கடலின் நிறத்தைச் சரியாக அளந்தால், மீன் கூடும் இடத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் அளப்பது லேசான காரியம் அல்ல.

செயற்கைக்கோள் கடலைப் பார்க்கும்போது அதன் கண்ணுக்கு வரும் ஒளியை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 90 பைசா கடலில் இருந்து வந்ததே அல்ல! இடையில் இருக்கும் காற்றும் தூசியும் சிதறடித்த ஒளி அது. மீதி 10 பைசாதான் கடலுக்குள் இருந்து வந்த ஒளி.

கேமரா ஒரு ரூபாயை அளப்பதில் ஒரே ஒரு பைசா தவறு செய்தது என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று; சின்னத் தவறுதான். ஆனால் காற்றின் பங்கான 90 பைசாவைக் கழித்த பிறகு, அந்த ஒரு பைசாத் தவறு முழுவதும் கடலின் பத்துப் பைசாவின் தலையில் வந்து விழுகிறது. நூற்றுக்கு ஒன்றாக இருந்த தவறு நூற்றுக்குப் பத்தாக வளர்ந்துவிடுகிறது!

வெளிச்சமான மணலில் மறைந்து கொள்ளும் தவறு, இருண்ட கடலில் மறைய முடியாது. கறுப்பு இடத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

கற்ற பாடம்

இந்தப் பாடத்தை விஞ்ஞானிகள் அனுபவப்பட்டுத்தான் கற்றார்கள்.

கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே முதல் கருவியை 1978-ம் ஆண்டு அமெரிக்கா ஆகாயத்துக்கு அனுப்பியது. அது 1986-ம் ஆண்டு வரை வேலை செய்தது. ஆனால் ஆண்டுகள் போகப் போக அதன் கண் மங்கியது. கடலில் நின்றுகொண்டு இடைவிடாமல் அதைச் சரிபார்க்க அப்போது எந்த ஏற்பாடும் இல்லை. படத்தில் கடலின் நிறம் மாறினால், மாறியது கடலா, கருவியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

அடுத்த முறை அப்படி நடக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். 1997-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி "சீவிப்ஸ்" என்ற புதிய கருவி மேலே போனது. அதற்கு முந்திய மாதமே, கடலில் ஒரு காவல்காரனை நிறுத்திவிட்டார்கள்!

கடலில் நிற்கும் காவல்காரன்

அந்தக் காவல்காரனின் பெயர் "மோபி". அது ஒரு மிதவை. அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் லனாய் என்று ஒரு தீவு. அதற்கு அருகே, 1,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள தெளிந்த கடலில், அந்த மிதவையை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். டென்னிஸ் கிளார்க் என்ற விஞ்ஞானி இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கடல் தெளிவாக இருக்கும். ஆறு கொண்டு வரும் வண்டல் கிடையாது. பெருங்காற்றைத் தீவு தடுத்துவிடும். கடலின் நிறமும் அதிகம் மாறாது.

மிதவையில் இருந்து தண்ணீருக்குள் நீண்ட தண்டு ஒன்று இறங்குகிறது. அதில் வெவ்வேறு ஆழத்தில் கைகள் நீண்டிருக்கின்றன. அந்தக் கைகள் தண்ணீருக்குள் இருக்கும் ஒளியை வாங்கி, கண்ணாடி இழை வழியாக உள்ளே அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் கருவி அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிறது.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே பறக்கும் அதே வேளையில் மிதவையும் அளக்கிறது. பிறகு இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் இருந்தால் செயற்கைக்கோளின் கணக்கைத் திருத்துகிறார்கள்.

ஒரு நாள் பார்த்தால் போதாது. ஒரு நாள் மேகம் மறைக்கும். ஒரு நாள் கடல் பொங்கும். ஒரு நாள் சூரியன் நீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். நம்பத் தகுந்த நல்ல நாட்கள் ஏறத்தாழ 30 கிடைத்தால்தான் கணக்கு உறுதிப்படும். அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும்!

அது சரி. காவல்காரனையே நம்பலாமா?

அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை மிதவையைக் கரைக்கு எடுத்து வந்து, வேறு மிதவையைக் கடலில் விடுகிறார்கள். கடலுக்குப் போகும் முன்பும், திரும்பி வந்த பின்பும், அளவு தெரிந்த விளக்குகளின் முன்னால் அதைச் சோதிக்கிறார்கள். அந்த விளக்குகளின் அளவு, அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய அளவு நிர்ணய நிறுவனத்துடன் ஒத்துப் பார்க்கப்பட்டது. அதாவது, முத்திரை போட்ட விளக்கு!

இன்னொரு வேலையும் இருக்கிறது. கடலில் எதைப் போட்டாலும் கொஞ்ச நாளில் பாசி பிடித்துவிடும். மிதவையின் கண்ணில் பாசி பிடித்தால் காவல்காரனே குருடனாகிவிடுவான். ஆகவே மூழ்கு வீரர்கள் கடலுக்குள் இறங்கி, அந்தக் கண்களைத் துடைத்துவிட்டு வருகிறார்கள்.

ஆகாயத்தில் பறக்கும் கேமராவைத் துடைக்க முடியாது. ஆனால் அதைச் சரிபார்க்கும் மிதவையைத் துடைக்க முடியும் அல்லவா!

மூன்று டிகிரி

வெளிச்சத்தை அளக்கும் கண்ணைப் போலவே, சூட்டை அளக்கும் கண்ணும் செயற்கைக்கோள்களில் உண்டு. சூடான பொருள்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளியிடுகின்றன. அந்தக் கதிர்களை அளந்து, நிலம் எவ்வளவு சூடாக இருக்கிறது, நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வெப்பக் கண்ணுக்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுக் கறுப்புத்தான்! வேறு இடத்தில் இருந்து வந்து விழும் வெப்பக் கதிர்களைத் தண்ணீர் அநேகமாகத் திருப்பி அனுப்புவதில்லை. அதில் இருந்து வருவது அதன் சொந்தச் சூடு. ஆகவே தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டரால் அளந்து, செயற்கைக்கோள் சொல்லும் சூட்டுடன் ஒத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் "டாஹோ" என்ற பெரிய ஏரி இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஏரி. ஆழம் 500 மீட்டருக்கு மேல். குளிர் காலத்திலும் அந்த ஏரி உறைவதில்லை. அவ்வளவு உயரத்தில் காற்று மெல்லியதாக இருப்பதால் இடைஞ்சலும் குறைவு. 1999-ம் ஆண்டு முதல் நாசாவின் ஜெட் ஆராய்ச்சிக் கூடத்தார் அங்கே மிதவைகளை விட்டு, நீரின் சூட்டை இரவு பகலாக அளந்து வந்திருக்கிறார்கள்.

அதே 1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் "லேண்ட்சாட் 7" என்ற செயற்கைக்கோள் மேலே போனது. அதன் வெப்பக் கண்ணைப் பூமியில் வைத்து நன்றாகச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் மேலே போன பிறகு ஏரிகளின் சூட்டுடன் ஒத்துப் பார்த்தபோது, கணக்கு உதைத்தது! சாதாரணச் சூட்டில் இருக்கும் நீரை அளக்கும்போது, ஏறத்தாழ 3 டிகிரி சென்டிகிரேடு வித்தியாசம்!

மூன்று டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதில் 3 டிகிரி கூடினால் 40. குழந்தைக்கு 40 டிகிரி காய்ச்சல் என்றால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? காய்ச்சல் குழந்தைக்கா, தெர்மாமீட்டருக்கா என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா?

டாஹோ ஏரியில் அளந்தவர்களும், வேறு பெரிய ஏரிகளில் அளந்தவர்களும் ஒரே வித்தியாசத்தைக் கண்டார்கள். சாட்சிகள் வேறு வேறு, சாட்சியம் ஒன்று! 2000-ம் ஆண்டின் இறுதியில் கணக்கு திருத்தப்பட்டது. அதற்கு முன்பு எடுத்த படங்களையும் திருத்திக்கொள்ள வழி கிடைத்தது.

இருட்டுக்குள் ஒரு வெளிச்சம்

இப்போது அமாவாசைக் கடலுக்குத் திரும்புவோம்.

சுவோமியின் கேமரா இருட்டைப் படம் பிடித்தது என்று பார்த்தோம். விஞ்ஞானிகள் பூஜ்யத்தைத் தேடினார்கள். அவர்களுக்குப் பூஜ்யம் கிடைத்ததா?

அங்கேதான் ஆச்சரியம்!

நிலா இல்லாத இரவுகளில் எடுத்த படங்களில் மேகங்கள் தெரிந்தன! மேகம் தானாக ஒளி விடாது. அதன் மேல் ஏதாவது வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். நிலாவும் இல்லை, விளக்கும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த வெளிச்சம்?

காற்றில் இருந்து வந்தது!

பூமிக்கு மேலே சுமார் 90, 100 கிலோ மீட்டர் உயரத்தில் மிக மெல்லிய காற்று இருக்கிறது. பகலில் சூரியக் கதிர்கள் பட்டு அந்தக் காற்றின் அணுக்கள் பிரிகின்றன. இரவில் அவை மறுபடி ஒன்று சேரும்போது மிக மங்கலான ஒளியை விடுகின்றன. அந்த ஒளி மேகங்களில் பட்டுத் திரும்பியதைக் கேமரா பிடித்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மில்லரும் அவருடைய கூட்டாளிகளும் 2012-ம் ஆண்டு இதை வெளியிட்டார்கள்.

வானிலைக்காரர்களுக்கு இது கொண்டாட்டம். நிலா இல்லாத இரவிலும் மேகத்தைப் பார்க்கலாம்!

ஆனால் அளவு சரிபார்ப்பவர்களுக்கு இது தலைவலி. காலித் தட்டு என்று நினைத்த தட்டில், யாரோ ஒரு சிட்டிகை உப்பை வைத்துவிட்டார்கள். அமாவாசைக் கடல்கூட முழு இருட்டு இல்லை!

உண்மையான இருட்டுக்கு எங்கே போவது?

2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதற்கும் வழி கிடைத்தது. செயற்கைக்கோளையே புரட்டி, கேமராவைப் பூமியை விட்டு வெட்டவெளி ஆகாயத்தைப் பார்க்கச் செய்தார்கள். அங்கே கடலும் இல்லை, காற்றும் இல்லை. அந்தப் படத்தின் உதவியால், கேமராவின் சொந்தப் பொய் வெளிச்சம் எவ்வளவு, காற்றின் மெய் வெளிச்சம் எவ்வளவு என்று பிரித்தறிய முடிந்தது.

இருண்டு போன தீவு

ஒரு சிட்டிகை வெளிச்சத்துக்கு இத்தனை பாடா? ஆம். அந்தச் சிட்டிகைக்கு என்ன மதிப்பு என்பது 2017-ம் ஆண்டில் தெரிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை "மரியா" என்ற பெரும் புயல் தாக்கியது. மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. தீவு முழுவதும் இருளில் மூழ்கியது.

எந்த ஊருக்கு மின்சாரம் திரும்பி வந்துவிட்டது? எந்த ஊர் இன்னும் இருட்டில் கிடக்கிறது? சாலையும் டெலிபோனும் அறுந்து போன மலைக் கிராமங்களின் நிலைமை என்ன? நாசா விஞ்ஞானிகள் இரவுப் படங்களை நாள்தோறும் ஒத்துப் பார்த்தார்கள். நகரங்களில் விளக்கு எரிந்த பிறகும், ஒதுக்குப்புறமான ஊர்கள் பல மாதக் கணக்கில் இருட்டில் கிடந்ததை அந்தப் படங்கள் காட்டின.

சின்னக் கிராமத்தின் விளக்குகள் ஆகாயத்துக்கு எவ்வளவு தெரியும்? கொஞ்சம்தான். கேமராவின் பூஜ்யம் பிசகியிருந்தால், இருண்ட ஊர் எரிவது போலவும், எரியும் ஊர் இருண்டது போலவும் தெரிந்திருக்கும். இருட்டில் தவிக்கும் ஊருக்கு, "உங்களுக்குத்தான் வெளிச்சம் வந்துவிட்டதே!" என்று பதில் கிடைத்தால் எப்படி இருக்கும்?

மீனவர் கையில் வரும் செய்தி

இது தூர தேசத்து விஷயம் மட்டும் அல்ல.

இந்தியாவும் கடலின் நிறத்தை அளக்கிறது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து "ஓஷன்சாட் 2" என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே வரிசையில் அடுத்தது 2022-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி போனது. நம் விஞ்ஞானிகளும் கடலில் ஒரு காவல்காரனை நிறுத்தினார்கள். லட்சத்தீவுகளில் கவரத்தித் தீவின் அருகே உள்ள தெளிந்த கடலில் ஒளி அளக்கும் மிதவையை விட்டு, ஓஷன்சாட் கேமராவின் கணக்கைச் சரிபார்த்தார்கள்.

ஐதராபாத்தில் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அளந்து தரும் கடலின் நிறத்தையும் சூட்டையும் வைத்து, மீன் கூடியிருக்கக் கூடிய இடங்களை அந்த மையம் கணித்துச் சொல்கிறது. கரையில் இருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்ற விவரங்களுடன் அந்த அறிவிப்பு வரும். தமிழிலும் வரும்.

அறிவிப்பைப் பார்த்து ஒரு மீனவர் படகை எடுக்கிறார். டீசலைக் கடன் வாங்கி நிரப்பியிருப்பார். உடன் வரும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மீன் கிடைத்தால் கடன் அடையும்; வீட்டில் உலை கொதிக்கும். அந்த இடத்தில் மீன் இல்லை என்றால் டீசலும் போச்சு, பொழுதும் போச்சு!

ஒரு ரூபாய் வெளிச்சத்தில் ஒரு பைசாத் தவறு, கடைசியில் அந்தப் படகில் வந்து இறங்கும். அது அங்கே வந்து சேராமல் தடுக்கத்தான், எங்கோ ஓர் இருண்ட கடலில் மிதவை ஒன்று ஒளியை அளந்துகொண்டு நிற்கிறது. மூழ்கு வீரர் ஒருவர் நீருக்குள் இறங்கி, அதன் கண்ணில் படிந்த பாசியைத் துடைத்துவிட்டு மேலே வருகிறார்.